ஊவாத் தேயிலையின் வாசமும் ஆய்வுகூடத்துப் பிள்ளைகளும்

ஊவாவில் தேயிலையோடு தொடர்புள்ள நம்மவர்களுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரையுள்ள மாதங்களின் அருமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மலைகளின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வரும் கச்சான் காற்று, எல்ல, தெமோதர, பண்டாரவளை, பசறைத் தோட்டங்களில் உலர்ந்து வீசும். அந்தக் காற்றுப் பட்ட கொழுந்தில் ஒரு தனி வாசம் ஏறும். அந்த வாசத்துக்காகவே கொழும்பு ஏலத்தில் ஊவாவின் பருவத் தேயிலையை எதிர்பார்த்திருக்கும் கொள்வனவாளர்கள் இருக்கிறார்கள். டார்ஜிலிங், சீனாவின் கீமுன் ஆகியவற்றோடு ஊவாவையும் சேர்த்து உலகின் மூன்று பெரிய தேயிலைகள் என்று ஜப்பானியர் சொல்வார்கள்.

அந்த வாசத்துக்குக் காரணமான பொருள்களில் முக்கியமான ஒன்றின் பெயர் மெதைல் சலிசிலேட். கை கால் வலிக்குப் பூசும் களிம்புகளில் குளிர்ச்சியாக மூக்கில் ஏறுகிறதே, அதே பொருள்தான். கொழுந்தில் அது மிகச் சிறிய அளவில் இருப்பதால் மருந்து வாடையாக இல்லாமல் மணமாக இருக்கிறது.

2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு மாணவர் குழு, ஒரு கோடை விடுமுறைக் காலத்தில், இந்த மெதைல் சலிசிலேட்டைத் தானாகவே உண்டாக்கும் பக்டீரியா ஒன்றை ஆய்வுகூடத்தில் அமைத்துக் காட்டியது. தேயிலைச் செடியும் இல்லை, மலையும் இல்லை, கச்சான் காற்றும் இல்லை. ஒரு கண்ணாடிக் குடுவை மட்டுமே.

வாசத்தை விற்றுப் பிழைக்கும் நமக்கு இது வெறும் விஞ்ஞானச் செய்தி அல்ல. இந்தப் பிள்ளைகள் யார், இவர்கள் எப்படிக் குழுவாகச் சேர்கிறார்கள், இவர்களுடைய வேலை நமது வியாபாரத்துக்கு லாபமா நட்டமா என்பதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

போட்டியின் வரலாறு

செயற்கை உயிரியல் என்பது புதிய துறை. உயிருள்ள ஒவ்வொன்றின் உள்ளேயும் அது எப்படி வளர வேண்டும், எதை உண்டாக்க வேண்டும் என்ற குறிப்பு டி.என்.ஏ. என்ற இழையில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் குறிப்பின் ஒரு துண்டுதான் மரபணு. ஓர் உயிரிலிருந்து வேண்டிய துண்டை எடுத்து இன்னோர் உயிரில் பொருத்தி, நாம் விரும்பும் வேலையை அதைச் செய்ய வைப்பதே இத்துறையின் சாரம். வீடு கட்டுபவர் சிமெந்துக் கல்லை அடுக்குவது போல, அளவு மாறாத துண்டுகளைத் தயாரித்து வைத்துக்கொண்டு அடுக்க வேண்டும் என்று யோசனை சொன்னவர் எம்.ஐ.டி.யின் டொம் நைட். அவர் கணினித் துறையிலிருந்து வந்தவர் என்பது கவனிக்கத்தக்கது.

2003இல் எம்.ஐ.டி.யில் ஒரு மாத வகுப்பாக இது தொடங்கியது. 2004இல் ஐந்து அமெரிக்கக் கல்வி நிறுவனங்களுக்கிடையிலான போட்டியானது. 2005இல் வெளிநாடுகளும் சேர 13 குழுக்கள் வந்தன. ஐஜெம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தப் போட்டிக்குப் பிற்காலத்தில் ஒரே ஆண்டில் 300க்கும் அதிகமான குழுக்கள் வரத் தொடங்கின. நீண்ட காலம் பொஸ்டன் பகுதியில் நடந்து, 2022 முதல் பாரிஸுக்கு மாறியது. பல்கலைக்கழக மாணவருக்கு மட்டுமன்றிப் பாடசாலை மாணவருக்கும் இதில் தனிப் பிரிவு உண்டு. தகுதியை அடைந்த ஒவ்வொரு குழுவுக்கும் தங்கம், வெள்ளி, வெண்கலப் பதக்கம் கிடைக்கும். ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவருக்கு இல்லை என்ற கணக்கு அங்கே இல்லை.

குழுவில் யார் யார்?

விஞ்ஞானக் குழு என்றதும் வெள்ளை மேலங்கி அணிந்த பத்துப் பேர் நம் கண்ணில் தோன்றுவார்கள். உண்மை அப்படியல்ல. ஒரு நல்ல குழுவைப் பார்த்தால் ஒரு நல்ல கடையைப் பார்ப்பது போலிருக்கும். ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் நிற்பார்கள்.

முதலில் ஆய்வுகூடத்தில் நிற்பவர்கள். மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டி, பக்டீரியாவுக்குள் செலுத்தி, அது வளர்கிறதா என்று இரவு பகலாகக் காத்திருப்பவர்கள். இவர்களுக்குப் பொறுமைதான் முதல். பத்துத் தடவை செய்தால் ஒன்பது தடவை பிழைக்கும்.

இரண்டாவது கணக்குப் பார்ப்பவர்கள். எவ்வளவு சீனி கொடுத்தால் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு பொருள் கிடைக்கும் என்று கணினியில் முன்கூட்டியே கணித்துச் சொல்வது இவர்கள் வேலை. இவர்கள் பெரும்பாலும் கணிதம், பொறியியல், கணினி படிப்பவர்கள். உயிரியல் தெரியாது என்று இவர்களை யாரும் ஒதுக்குவதில்லை.

மூன்றாவது வெளியே போய் மக்களிடம் பேசுபவர்கள். நாம் செய்யப் போகும் பொருள் யாருக்கு வேண்டும், யாருக்கு அதனால் பாதிப்பு வரும், சட்டம் என்ன சொல்கிறது, மார்க்க அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள், விவசாயி என்ன சொல்கிறார் என்று கேட்டு வந்து குழுவுக்குச் சொல்வார்கள். கேட்ட பதிலின்படி திட்டத்தை மாற்றிக்கொண்டோம் என்று காட்டவும் வேண்டும். பதக்கம் கொடுக்கும்போது இதையும் எடை போடுகிறார்கள். சந்தையைக் கேட்காமல் சரக்கு இறக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொன்னதையே அங்கே பாடமாக வைத்திருக்கிறார்கள்.

நான்காவது பணம் திரட்டுபவர்கள். போட்டியில் பதிவு செய்யவே பல ஆயிரம் டொலர் வேண்டும். மருந்துப் பொருட்கள், விமானச் செலவு, தங்குமிடம் எல்லாம் வேறு. கொம்பனிகளுக்குக் கடிதம் எழுதி, நேரில் போய்ப் பேசி, மறுப்பைக் கேட்டுக்கொண்டு அடுத்த கதவைத் தட்டுவது இவர்கள் பங்கு. இருபது வயதில் இந்தப் பயிற்சி பெற்றவர், ஆய்வை விட்டுவிட்டாலும் வியாபாரத்தில் நிமிர்ந்து நிற்பார்.

ஐந்தாவது எழுதுபவரும் வரைபவரும். செய்ததையும் செய்யத் தவறியதையும் எல்லோரும் படிக்கும்படி எழுதிப் பகிரங்கமாக வைப்பது கட்டாயம். அடுத்த வருடம் வரும் குழு அங்கிருந்து தொடங்கலாம்.

ஆறாவது பாதுகாப்புக்குப் பொறுப்பானவர். உயிருள்ள பொருளோடு வேலை என்பதால் அது ஆய்வுகூடத்தை விட்டு வெளியேறக் கூடாது. எந்த உயிரைப் பயன்படுத்துகிறோம், எப்படி அழிக்கிறோம் என்று படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

இவர்கள் எல்லோருக்கும் மேலே ஓரிரு பேராசிரியர்களும், முன்பு இந்தப் போட்டியில் பங்குபற்றிய மூத்த மாணவர்களும் வழிகாட்டிகளாக இருப்பார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விதி. எந்த வேலையை யார் செய்தார், வெளியிலிருந்து யார் என்ன உதவி செய்தார் என்று ஒவ்வொரு குழுவும் பெயர் பெயராக எழுதிக் கொடுக்க வேண்டும். பிறர் உழைப்பைத் தன் உழைப்பாகக் காட்ட இடமில்லை. கூட்டு வியாபாரத்தில் ஒவ்வொருவர் பங்கையும் எழுதி வைக்காததால் பிரிந்த குடும்பங்கள் நம் கடைத்தெருக்களில் எத்தனை!

மணம் உண்டாக்கிய குழு

இனி அந்த எம்.ஐ.டி. குழுவுக்கு வருவோம். ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் பயன்படுத்தும் பக்டீரியா ஈ கோலை. குடலில் வாழ்வது, அதனால் துர்நாற்றமும் உண்டு. நாற்றத்தோடு வேலை செய்து அலுத்த பிள்ளைகள், இதை மணக்க வைத்தால் என்ன என்று யோசித்தார்கள்.

முதலில் துர்நாற்றம் உண்டாக்காத ஈ கோலை வகையைத் தெரிவு செய்தார்கள். பெட்டூனியா என்ற பூச்செடியிலிருந்து வந்த மரபணுவை அதில் பொருத்தி மெதைல் சலிசிலேட் மணத்தை வர வைத்தார்கள். ஈஸ்டிலிருந்து வந்த மரபணுவைப் பொருத்தி வாழைப்பழ மணத்தையும் வர வைத்தார்கள். அதிலும் ஒரு கெட்டித்தனம் செய்தார்கள். பக்டீரியா வளர்ந்துகொண்டிருக்கும்போது ஒரு மணம், உணவு தீர்ந்து வளர்ச்சி நின்றதும் வாழைப்பழ மணம் என்று வகுத்தார்கள். கருவி இல்லாமல் மூக்கினாலேயே அதன் நிலையை அறியலாம். தொழிற்சாலையில் கொழுந்து நொதித்த பதத்தை மூக்கால் அறியும் நமது டீ மேக்கர்மார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் இதை நூறு வருடமாகச் செய்கிறார்கள்.

அந்தக் குழுவுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் அப்போது ஆராய்ச்சி மாணவியாக இருந்த ரேஷ்மா ஷெட்டி. அவரும் சக மாணவர் மூவரும் டொம் நைட்டும் சேர்ந்து 2008இல் கிங்கோ பயோவேர்க்ஸ் என்ற கொம்பனியைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் பெரிய முதலீட்டாளர் எவரும் இல்லை. பழைய இயந்திரங்களை மலிவாக வாங்கி வேலை செய்தார்கள். பிரான்ஸின் வாசனைத் திரவியக் கொம்பனியான ரொபர்ட்டே இவர்களுடைய ஆரம்பகால வாடிக்கையாளர்களில் ஒன்று. ஈஸ்டிலிருந்து ரோஜா மணம் எடுப்பது அந்த வேலை.

கதை இங்கேயே முடிந்தால் இனிப்பாக இருக்கும். 2021இல் நியூயோர்க் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் பெறுமதி சுமார் 1,500 கோடி டொலர் என்று மதிப்பிட்டார்கள். பத்து டொலர் அளவில் இருந்த பங்கு, 2024இல் ஒரு டொலருக்கும் கீழே போனது. நாற்பது பங்குகளை ஒன்றாக்கித்தான் விலையை நிமிர்த்த வேண்டியிருந்தது. இதே துறையின் இன்னொரு பெரிய கொம்பனியான அமைரிஸ் 2023 ஆகஸ்டில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. கையில் சரக்கு வருமுன் காற்றில் விலை பேசும் வியாபாரத்தை மார்க்கம் ஏன் தடுத்தது என்பதற்கு இதைவிடப் பாடம் தேவையா? பிள்ளைகளின் அறிவு உண்மையானது. அதன் மேல் ஏற்றிய விலைதான் பொய்யாகப் போனது.

சென்னையும் பெஷாவரும்

இது அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். இந்தியாவிலிருந்து 2006லேயே பெங்களூர்க் குழு ஒன்று போனது. 2008இல் சென்னை ஐ.ஐ.டி. மாணவர்கள் போனார்கள். சூடு, பட்டினி போன்ற நெருக்கடி வந்தால் பக்டீரியா தனக்குள் சில சுவிட்சுகளைத் தட்டிவிடும். அந்தச் சுவிட்சுகளைப் பிரித்தெடுத்து, வேறு எவரும் பயன்படுத்தக்கூடிய துண்டுகளாகத் தயாரிப்பது அவர்கள் திட்டம். ஸ்ட்ரெஸ்கிட் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கச்சான் காற்றில் வாடும் கொழுந்து வாசம் தருவதும் இத்தகைய நெருக்கடியின் விளைவுதானே!

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பெஷாவர். 2016இல் பாகிஸ்தானிலிருந்து முதல் தடவையாக ஒரு குழு பொஸ்டன் போனது. கராச்சியிலிருந்தோ லாகூரிலிருந்தோ அல்ல, குண்டுவெடிப்புச் செய்திகளால் மட்டுமே உலகம் அறிந்திருந்த பெஷாவரிலிருந்து. வாகனப் புகையில் உள்ள நச்சு வாயுவைக் கண்டுபிடிக்கும் உயிருணரியைச் செய்வது அவர்கள் திட்டம். மாகாண அரசின் விஞ்ஞான தொழில்நுட்பப் பணிப்பகம் கைகொடுத்தது. வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினார்கள். அடுத்த வருடம் தண்ணீரில் கலந்த நச்சு உலோகங்களைக் காட்டிக்கொடுக்கும் மீன் என்ற யோசனையோடு மறுபடியும் போனார்கள். வசதி குறைந்த மாகாணம் என்பது அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை. தங்கள் ஊரின் புகையும் தங்கள் ஊரின் தண்ணீருமே அவர்களுக்குத் தலைப்பாகக் கிடைத்தன.

நமது சரக்குக்கு ஆபத்தா?

வியாபாரிக்கு வரும் முதல் கேள்வி இதுதான். பழைய கணக்குகளைப் புரட்டினால் இரண்டு வகையான பதில் கிடைக்கும்.

ஒன்று அவுரி. நீலச் சாயத்துக்காக இந்தியாவில் பெருமளவில் பயிரிட்ட செடி. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எப். கொம்பனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. சில வருடங்களுக்குள் அவுரி வியாபாரம் சரிந்தது. துணிக்குச் சாயம் போடுபவருக்கு நீலம் மட்டும்தான் வேண்டும். அது எந்த ஊர் நீலம் என்று அவர் கேட்கவில்லை.

மற்றது வனிலா. அதன் மணப் பொருளான வனிலினை 1870களிலேயே ஜெர்மனியர் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். 2014இல் ஈஸ்டிலிருந்து எடுத்த வனிலினும் சந்தைக்கு வந்தது. ஆனாலும் உண்மையான வனிலாக் காய்க்கு இன்றும் நல்ல விலை உண்டு. ஏனென்றால் அதை வாங்குபவர் காயைக் கேட்கிறார், ஊரைக் கேட்கிறார், அதில் கலப்பில்லை என்ற உறுதியைக் கேட்கிறார்.

மூன்றாவதாக மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினையும் சொல்லலாம். சீனா, வியட்நாம், கிழக்கு ஆபிரிக்க விவசாயிகள் ஒரு செடியிலிருந்து எடுத்த பொருள் அது. ஈஸ்டின் உதவியோடு அதைச் செய்யும் வழி கண்டு, 2013இல் சனோபி கொம்பனி பெருமளவில் உற்பத்தி தொடங்கியது. விவசாயி அழிந்தான் என்றே பலரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. செடியிலிருந்து எடுத்தது கிலோ 250 டொலருக்கும் கீழே இறங்கியது. ஆய்வுகூடத்துச் சரக்குக்கு 350 டொலருக்கு மேல் கிடைத்தால்தான் கட்டுப்படியாகும். இரண்டு வருடத்தில் அந்த உற்பத்தி நின்றது. ஆனால் விலை இறங்கியதால் விவசாயிக்கும் பெரிய லாபம் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

நமது தேயிலையின் நிலை என்ன? மெதைல் சலிசிலேட் நூறு வருடங்களாகவே தொழிற்சாலைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அப்படியிருந்தும் ஊவாத் தேயிலை விழவில்லை. ஒரு கோப்பைத் தேநீரில் அந்த ஒரு பொருளோடு வேறு எத்தனையோ மணங்கள் சேர்ந்திருக்கின்றன. அதை வாங்குபவர் வாசத்தோடு சேர்த்து ஊவா என்ற பெயரையும் வாங்குகிறார்.

ஆகவே ஆபத்து குடுவையில் இல்லை, கலப்படத்தில் இருக்கிறது. சாதாரணத் தேயிலையில் வாசத்தைத் தெளித்துப் பருவத் தேயிலை என்று விற்க ஒருவர் நினைத்தால் அதற்கான பொருள் நாளுக்கு நாள் மலிவாகக் கிடைக்கும். வாசமூட்டிய தேயிலை என்று எழுதி விற்பது நேர்மையான வியாபாரம், அதற்குத் தனிச் சந்தையும் உண்டு. எழுதாமல் விற்பது மோசடி. எல்லயில் இரயில் பார்க்க வந்து ஒரு பைக்கற்றுத் தேயிலை வாங்கிப் போகும் வெள்ளைக்காரர் தன் நாட்டில் அதைச் சோதித்துப் பார்க்கும் காலம் இது. ஒரு கடையின் பொய் ஒரு மாகாணத்தின் பெயரைக் கெடுத்துவிடும். நமது கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீடு கொடுத்தது. அந்தப் பெயரை இனிப் பிற நாட்டார் அங்கே பயன்படுத்த முடியாது. பெயரைக் காப்பதே இனிச் சரக்கைக் காப்பது.

ஹலால் ஹராம் விடயம்

இத்துறை என்றதும் படைப்பில் கை வைப்பதா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் பொறுப்பு. வியாபாரி என்ற முறையில் இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் நீரிழிவுக்காரருக்கான இன்சுலின் பன்றியின் கணையத்திலிருந்தும் மாட்டின் கணையத்திலிருந்தும்தான் வந்தது. மனித இன்சுலினின் மரபணுவைப் பக்டீரியாவில் பொருத்தி எடுத்த இன்சுலின் 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று நம் வீடுகளில் பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் இந்த வழியில் வந்ததுதான். சீஸ் செய்ய வேண்டிய நொதியும் அப்படியே. கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த காலம் போய், 1990 முதல் நுண்ணுயிரிலிருந்து எடுத்தது அமெரிக்கச் சந்தையில் அனுமதிக்கப்பட்டது. அறுத்த முறை பற்றிய சந்தேகம் அங்கே எழவில்லை.

அதே நேரம், மரபணு எதிலிருந்து வந்தது, நுண்ணுயிருக்கு என்ன உணவு கொடுத்தார்கள், பொருளைப் பிரிக்க என்ன பயன்படுத்தினார்கள் என்று கேட்கவும் வேண்டும். வாசனைப் பொருள், சுவையூட்டி இறக்குமதி செய்யும் நம்மவர்கள் சான்றிதழ் தாளை வாங்கிக் கோவையில் போட்டுவிட்டு இருக்காமல், இந்தக் கேள்விகளை விற்பவரிடம் கேட்கப் பழக வேண்டும்.

நமது பிள்ளைகளின் குழு

பதுளையில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்தது. தேயிலைத் தொழில்நுட்பம், ஏற்றுமதி விவசாயம் என்று பெறுமதி சேர்ப்பதையே நோக்கமாகக் கொண்ட பட்டப்படிப்புகளோடு அது தொடங்கியது. பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. ஆகவே அறிவு நமது வாசலில் இருக்கிறது. குறைவது ஆள் சேர்ப்பும் கைகொடுப்பும்தான்.

மேலே சொன்ன ஆறு இடங்களுக்கும் நமது பகுதியில் ஆள் இல்லையா? லயத்தில் பிறந்து, கொழுந்தின் பதத்தைத் தாயின் விரலிலிருந்து கற்ற பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். தொழிற்சாலை டீ மேக்கரின் மகன் இரசாயனம் படிக்கிறான். கடைக் கணக்கில் வளர்ந்த நம் வீட்டுப் பெண்பிள்ளை கணிதத்தில் கெட்டிக்காரி. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பேசி எல்லயில் உல்லாசப் பயணிகளைச் சமாளிக்கும் இளைஞன் வெளியே போய்ப் பேசுவான். இவர்களைத் தனித்தனியே பார்த்தால் சாதாரணப் பிள்ளைகள். ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்தால் அது ஒரு குழு.

தலைப்பும் வெளியே தேட வேண்டியதில்லை. பருவத் தேயிலையில் வாசம் தெளித்திருக்கிறார்களா இல்லையா என்று காட்டிக்கொடுக்கும் சோதனை ஒன்றை நமது பிள்ளைகள் செய்தால், அது போட்டிக்கும் உதவும், ஏலத்துக்கும் உதவும்.

நமது வியாபாரச் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, பள்ளிவாசல் கட்டடத்துக்குக் கொடுக்கும் கையால் பாடசாலை ஆய்வுகூடத்துக்கும் கொடுங்கள். ஒரு நல்ல நுணுக்குக்காட்டி எத்தனையோ வகுப்புகளுக்குப் பயன்படும். இரண்டாவது, பல்கலைக்கழகம் போன நம் பிள்ளைகளை வருடத்தில் ஒரு நாள் கடைத்தெருவுக்கு அழைத்து நமது பிரச்சினைகளைச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கக் காத்திருக்கிறார்கள். மூன்றாவது, பணம் கேட்டு ஒரு மாணவர் குழு வந்தால் விரட்டாதீர்கள். கணக்கைக் கேளுங்கள், திட்டத்தைக் கேளுங்கள், முடிந்ததைக் கொடுங்கள். முஸ்லிம் பிள்ளையா, தோட்டப் பிள்ளையா, சிங்களப் பிள்ளையா என்று பார்க்காதீர்கள். ஊவாவின் பெயர் எல்லோருக்கும் பொது.

கோப்பி நோயில் அழிந்தபோது இந்த மலைகளில் தேயிலை வந்தது. நட்டவர் வேறு, பறித்தவர் வேறு, விற்றவர் வேறு. அடுத்த மாற்றத்தை உண்டாக்குபவர் வரிசையில் நமது பிள்ளைகளும் இருக்க வேண்டும். நாம் செய்யும் வியாபாரத்திலும் அவர்கள் கற்கும் அறிவிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.